கிளெனிஸும் பதினோரு தாடிகளும்

கிளெனிஸ் வெஸ்கோமை நாங்கள் பாதுகாப்புப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொன்னாலே எங்கள் லட்சணம் தெரிந்துவிடும். ஆறு வருடத்துக்கு முன்பு, எங்கள் பக்கத்துக் குளிர்காலமான ஜூலை மாதத்தில், பட்டறையில் எல்லாரும் தேநீர்க் கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். இந்தப் பொறுப்புக்கு யார் வருகிறீர்கள் என்று பழைய முதலாளி கேட்டார். ஒருத்தரும் அசையவில்லை. பின்வாசல் வழியாகக் குளிர்காற்று வருகிறது, கதவைச் சாத்துங்கள் என்று சொல்வதற்காகக் கிளெனிஸ் கையைத் தூக்கினாள். "அப்ப கிளெனிஸ்தான்!" என்று வெய்ன் கத்தினான். எல்லாரும் கைதட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டோம். கதவை யாரும் சாத்தவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பொறுப்பைச் சுவரில் மாட்டிவிட்டு மறந்திருப்பார்கள். இவள் பர்னி ஊருக்குப் போய் ஐந்து நாள் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்துவிட்டு, செங்கல் கனத்தில் ஒரு விதிமுறைப் புத்தகத்தைச் சுமந்துகொண்டு வந்தாள். அதை வரி விடாமல் படித்தாள். அதுதான் எங்கள் தலைவலிக்கு ஆரம்பம். வட்ட ரம்பத்தின் மூடியைக் கழற்றிவைத்துவிட்டு வேலை செய்தால் பின்னால் வந்து நிற்பாள். கையில் சிராய் ஏறினால்கூட நோட்டில் எழுது என்பாள். "எழுதாத காயம் ஆறாதா கிளெனிஸ்?" என்று வெய்ன் சீண்டுவான். "ஆறிடும். அடுத்தவனுக்கும் அதே இடத்துல ஏறும்" என்பாள்.

எங்களுடையது டாஸ்மேனியாவின் வடகரையில் ஜன்னலும் கதவும் செய்கிற பட்டறை. ஆள் பதினான்கு பேர். என் பெயர் நோயல், ஜன்னல் சட்டங்களைப் பூட்டிச் சேர்ப்பது என் வேலை. கிளெனிஸ் நிற்பது பெரிய உப்புத்தாள் பெல்ட் ஓடுகிற மிஷினில். கதவுப் பலகையை அதற்குள் ஊட்டினால் மறுபக்கம் பட்டுப்போல வழுவழுவென்று வரும். அந்த மிஷின் கிளப்புகிற தூள் மாவைவிட நைசானது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும், வெட்கக்கேடுதான். கனடாவிலிருந்து வருகிற சீடர் மரத்தை அறுக்கிற நாளில் எல்லாரும் ஒழுங்காக மூக்கை மூடிக்கொள்வோம். அது வெளியூர் மரம், நெஞ்சுக்கு ஆகாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் எங்கள் மலையில் விளைகிற பிளாக்வுட் மரத்தை வெட்டும்போது ஒருத்தனும் மூட மாட்டான். நம் ஊர் மரம் நம்மை என்ன செய்யும் என்கிற நினைப்பு. நானும் முப்பத்தோரு வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

கிளெனிஸின் வீடும் என் வீடும் ஒரே சாலையில். ஒரு வாரம் அவள் கார், ஒரு வாரம் என் கார் என்று சேர்ந்து போய் வருவோம். போன வருடம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் திரும்பும்போது காருக்குள் ஏதோ கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்டது. பெல்ட்டோ, சக்கரமோ என்று வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். சத்தம் நிற்கவில்லை. அது அவளுடைய நெஞ்சிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"எத்தனை நாளா இப்படி?" என்றேன்.

"நாலு மாசமா. சனி ஞாயிறு நல்லா இருக்கும். திங்கட்கிழமை சாயங்காலம் ஆரம்பிக்கும். வெள்ளிக்கிழமை மாடிப்படி ஏற முடியாது."

"நோட்டுல எழுது. ஊருக்கெல்லாம் சொல்ற, நீ எழுத மாட்டியா?"

"எழுதினா டாக்டர்கிட்ட அனுப்புவாங்க. அவர் என்ன சொல்வாருன்னு எனக்குத் தெரியும். இந்தத் தூள் ஒரு தடவை உடம்புக்கு ஒத்துக்காமப் போச்சுன்னா அப்புறம் துளி பட்டாலும் போதும். பட்டறைப் பக்கமே போகாதேம்பாரு. நான் போயிட்டா புது உறிஞ்சிக்கு யாரு சண்டை போடுவா? நீ போடுவியா?"

நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதான். முதல்ல மிஷின் வரட்டும். அடுத்து அங்க நிக்கப்போறவ இப்படி ஆகக் கூடாது. அது வந்த அன்னிக்கே நான் எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன். நீ வாயைத் திறந்தே, தொலைச்சுடுவேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இப்போது எனக்கே என் மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

உறிஞ்சி என்று அவள் சொன்னது தூசை இழுக்கிற மிஷினை. ஒவ்வொரு மிஷினின் வாயிலிருந்தும் ஒரு குழாய் கிளம்பி, கூரை வழியாக ஓடி, வெளியே இருக்கிற பெரிய பைக்குள் போய்ச் சேரும். நான்கு மிஷின் இருந்த காலத்தில் வாங்கியது. இப்போது ஒன்பது மிஷின் ஓடுகிறது. ஒரே கோப்பையில் ஒன்பது பேர் குழல் போட்டு உறிஞ்சினால் ஆளுக்கு என்ன கிடைக்கும்? கிளெனிஸ் கழிப்பறைத் தாளைக் கிழித்து ஒவ்வொரு குழாயின் வாயிலும் பிடித்துக் காட்டுவாள். தாள் உள்ளே பறந்து போக வேண்டும். அவளுடைய மிஷினில் அது அசையாமல் தொங்கும்.

போதாததற்கு எங்கள் வழக்கம் வேறு. மூன்றரை மணிக்கு வேலை முடிந்ததும் காற்றுக் குழாயை எடுத்து ஒருவர் மேல் ஒருவர் அடித்துத் தூசு தட்டிவிடுவோம். பிறந்தநாள்காரனுக்கு இரண்டு நிமிடம் அதிகம். பகலெல்லாம் கீழே படிந்ததை நாங்களே கிளப்பி, நாங்களே மூச்சில் இழுத்துக்கொண்டு, சிரித்தபடி வீட்டுக்குப் போவோம்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் காலைத் தேநீர் வேளையில் கிளெனிஸ் பட்டறை விளக்கையெல்லாம் அணைத்தாள். ஷட்டரும் இறங்கியிருந்ததால் கும்மிருட்டு. "எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க" என்று கூப்பிட்டு, எதிர்ப்பக்கம் போய் நின்று ஒரு டார்ச்சை எங்களை நோக்கி அடித்தாள். அந்த வெளிச்சக் கற்றைக்குள் காற்று முழுக்கப் பொடி மிதந்தது. வெய்ன் மூச்சு இழுக்க இழுக்க அது அவன் மூக்கை நோக்கிப் போனது.

"இப்ப அறுத்ததா இது?" என்று வெய்ன் கேட்டான். குரலே இறங்கிவிட்டது.

"மிஷினை நிறுத்தி இருபது நிமிஷம் ஆச்சு வெய்ன்."

"பிளாக்வுட் தானே. எங்க தாத்தா ஆயுசு பூரா இழைச்சாரு. தொண்ணூறு வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாரு."

"உங்க தாத்தா கையால இழைச்சாரு. சுருள் சுருளாக் கீழே விழுந்துச்சு. அவரு பெல்ட் மிஷின்லயா தேய்ச்சாரு?"

அன்றைக்குக் காற்றுக் குழாயை யாரும் தொடவில்லை. மறுநாள் தொட்டோம்.

ஸ்டூவர்ட் அப்போதுதான் அலுவலக அறையிலிருந்து வந்தான். பழைய முதலாளியின் மகன், இப்போது அவன்தான் முதலாளி, முப்பத்தெட்டு வயது. கெட்டவன் இல்லை. எதைச் சொன்னாலும் "நல்ல விஷயம்" என்பான். கெட்டவனாக இருந்திருந்தால் எங்களுக்குப் பாதித் தொல்லை குறைந்திருக்கும். அலுவலகச் சுவரில் அவன் ஒரு கட்டம் போட்ட தாள் ஒட்டியிருந்தான். எந்த ஆபத்து எவ்வளவு பெரியது, எவ்வளவு நடக்கக்கூடியது என்று பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணம் பூச வேண்டும். மரத்தூசு என்கிற கட்டத்தைக் கிளெனிஸ் வற்புறுத்திச் சிவப்பாக மாற்ற வைத்திருந்தாள். அந்தச் சிவப்பு அவன் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு வாரத்தில் நான்கு பெட்டி நிறைய முகமூடி வந்து இறங்கியது. இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்த, ரப்பர் விளிம்பு போட்ட நல்ல சரக்கு.

"முகமூடி கடைசி ஸ்டூவர்ட்" என்றாள் கிளெனிஸ். "முதல்ல தூசு வராம பண்ணணும். முடியலன்னா வர்ற இடத்துலயே பிடிக்கணும். அதுவும் தப்பிச்சு வர்ற மிச்சத்துக்குத்தான் முகமூடி."

"நல்ல விஷயம். நானும் அதைத்தான் சொல்றேன். முதல்ல கையில இருக்கறதை முடிப்போம். மாஸ்க் எல்லாருக்கும் பொருந்திடுச்சுன்னா அடுத்தது உறிஞ்சிதான். விலை கேட்டு எழுதியிருக்கேன்."

கிளெனிஸ் அதைத் தன் நோட்டில் தேதி போட்டுக் குறித்துக்கொண்டாள். பாதுகாப்புப் பிரதிநிதி எழுதிக் கொடுத்தால், இத்தனை நாளுக்குள் முதலாளி சரிசெய்தே தீர வேண்டும் என்கிற நோட்டீஸ் புத்தகம் ஒன்றும் அவளிடம் இருந்தது. ஆறு வருடத்தில் அதில் ஒரு தாளைக்கூட அவள் கிழித்ததில்லை. எழுதிவிடு என்று அன்று சாயங்காலம் காரில் சொன்னேன். "பேசித் தீர்க்கப் பார்க்காம எழுதக் கூடாதுன்னு விதி. அவன்தான் ஒத்துக்கிட்டானே" என்றாள்.

முகமூடி முகத்தோடு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க லான்சஸ்டனிலிருந்து ஒரு பெண் வந்தாள். முகமூடியை மாட்டி, தலைக்கு மேல் ஒரு கூடாரம் போலக் கவிழ்த்து, உள்ளே ஒரு கசப்புத் தண்ணீரைப் பீய்ச்சுவாள். கசப்புத் தெரிந்தால் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். முதலில் உட்கார்ந்த கிளெனிஸுக்கு ஒரு துளி கசக்கவில்லை. அடுத்து வெய்ன் உட்கார்ந்தான். அந்தப் பெண் அவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "தாடி இருந்தா டெஸ்ட் கிடையாதுங்க. ரப்பர் தோல்ல ஒட்டாது. தூசு அது வழியா உள்ள போயிடும்" என்றாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். தாடி இல்லாதவர்கள் மூன்றே பேர். கிளெனிஸ், கணக்குப் பார்க்கிற ஒரு பெண், ஸ்டூவர்ட்.

அந்தப் பதினோரு தாடிகளின் கதை இதுதான். எங்கள் ஊர்ப் பந்து அணிக்கு நீர்க்காகங்கள் என்று பெயர். அதற்கு முந்தைய வருடம் ஆட்டக்காலம் தொடங்கிய அன்று, மன்றக் கூடத்தில் பீர் கோப்பையின் மேல் கைவைத்து, அணி ஒரு ஆட்டம் ஜெயிக்கும் வரை சவரக்கத்தியைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தோம். வரிசையாக இருபத்தேழு ஆட்டம் தோற்றார்கள். ஊரில் வங்கி மூடியாகிவிட்டது, சாராயக்கடையும் மூடியாகிவிட்டது. சனிக்கிழமை நாலு பேர் கூடுகிற இடம் அந்த மைதானம் ஒன்றுதான். அதற்கும் போன வருடம் பூட்டுப் போடப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் தாடியை எடுப்பவன் அணியைக் கைவிட்டவன். அப்படித்தான் நாங்கள் நினைத்தோம். ஐம்பத்தேழு வயதில், நரைத்த தாடி நெஞ்சில் விழ, நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒன்பது வாரம் சண்டை. கழிப்பறைக் கண்ணாடியில் கிளெனிஸ் அறிவிப்பு ஒட்டினாள். அதில் யாரோ தாடி வரைந்தார்கள். மேசைக்கு ஒரு சவரக்கத்தி வைத்தாள். மறுநாள் அவளுடைய கையுறைக்குள் சவர நுரை இருந்தது. "நெஞ்சு என்னுது, தாடியும் என்னுது. உனக்கென்ன?" என்று வெய்ன் குதித்தான். "நீ விழுந்தா உன் பெண்டாட்டிக்கு ஃபோன் பண்ண வேண்டியவ நானு" என்று அவளும் குதித்தாள். அந்த ஒன்பது வாரமும் அவள் பெல்ட் மிஷினில்தான் நின்றாள். ஸ்டூவர்ட் இரண்டு பக்கத்தையும் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தான். விலைப் பட்டியல் வந்துவிட்டதா என்று அவள் கேட்டால், "தாடி விஷயம் முடியட்டுமே" என்பான்.

காரில் என்னிடமும் அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் நானே சமாதானமாக, "ஒரு ஆட்டம் ஜெயிக்கட்டும் கிளெனிஸ், அன்னிக்கு ராத்திரியே எடுத்துடறேன்" என்றேன்.

"அதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன்டா நோயல்."

நான் சிரித்தேன். அவள் நெஞ்சு கீச்சிடுவதைக் கேட்டுக்கொண்டே சிரித்தேன்.

அந்த சனிக்கிழமை அவள் மைதானத்துக்கே வந்துவிட்டாள். நீர்க்காகங்கள் தொண்ணூற்று நாலு புள்ளி வித்தியாசத்தில் தோற்றுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். குழாய் வேலை பார்க்கிற கேப்டனின் முன்னால் போய் நின்றாள். முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"உன்னால எங்க பட்டறையில முகமூடி வேலை நின்னு கிடக்கு. இவங்களோட சத்தியத்தை நீதான் வாபஸ் வாங்கணும்."

"நான் சத்தியம் பண்ணச் சொல்லலயே. அவங்களாப் பண்ணினாங்க."

"அப்ப ஒரே ஒரு ஆட்டமாவது ஜெயிச்சுத் தொலைங்கடா! என்னடா கஷ்டம் உங்களுக்கு?"

கூடமே சிரித்தது. கேப்டன் சிரிக்கவில்லை. "நாங்க வேணும்னா தோக்கறோம்?" என்று கேட்டான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கிளெனிஸ் அவனுக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்கு அவளுடைய மிஷின் நின்றது. பலகை பாதி உள்ளே, பாதி வெளியே. நான் போய்ப் பார்த்தபோது பலகை அடுக்குக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். முகமூடியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். தோள் இரண்டும் மேலேறி இறங்கியது. வார்த்தை வரவில்லை. உதடு நீலம் பூத்திருந்தது. நான் ஓடிப்போய் அவளுடைய பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து, மருந்துக்கடையில் அவளே ரகசியமாக வாங்கி வைத்திருந்த இன்ஹேலரை எடுத்து வந்தேன். நான்கு தடவை இழுத்தாள். பத்து நிமிடம் கழித்துத்தான் தலையை நிமிர்த்தினாள்.

வெய்ன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்த ஜிப்புல இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று என்னைக் கேட்டான்.

"தெரியும்."

"எத்தனை நாளா?"

"பத்து மாசமா. அவளுக்கு அதுக்கு முன்னாடியே."

அவன் என்னைத் திட்டவில்லை. என் தாடியைப் பார்த்தான், அவ்வளவுதான். முப்பத்தோரு வருடத்தில் அந்தப் பட்டறையில் எனக்கு அவ்வளவு கேவலமாக இருந்ததில்லை.

"யார்கிட்டயும் சொல்லாத வெய்ன்" என்றாள் கிளெனிஸ். "தாடி முடிஞ்சா உறிஞ்சி வந்துடும். கைக்கெட்டற தூரத்துல இருக்கு."

மறுநாள் காலை வெய்ன் ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கிற மிஷினை எடுத்து வந்தான். கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு மர ஸ்டூலைப் போட்டு முதலில் தான் உட்கார்ந்தான். ஏன் என்று யாருக்கும் அவன் சொல்லவில்லை. "நான் எடுக்கறேன். எடுக்காதவன் என்கிட்டப் பேச வேண்டாம்" என்றான், அவ்வளவுதான். பதினோரு தாடியும் போயின. வெய்னுக்கு முகவாயே இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. என் மனைவி கதவைத் திறந்துவிட்டு, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். வியாழக்கிழமை அந்த லான்சஸ்டன் பெண் மறுபடி வந்து கசப்புத் தண்ணீரைப் பீய்ச்சினாள். ஒருவனுக்கும் கசக்கவில்லை. கிளெனிஸ் தன் செலவில் எல்லாருக்கும் ஸ்காலப் சிப்பிக் கறி அடைத்துச் சுட்ட பண்டம் வாங்கி வந்தாள். அன்று காரில் பாட்டு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகச் சுவரில் புதுத் தாள் தொங்கியது. மரத்தூசு, பச்சை. அதற்கு நேரே: எல்லாருக்கும் முகமூடி, பொருத்தம் சோதிக்கப்பட்டது. கீழே ஸ்டூவர்ட்டின் கையொப்பம்.

கிளெனிஸ் அதைப் படித்துவிட்டு உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன்.

"உறிஞ்சி எப்ப வருது ஸ்டூவர்ட்?"

"உட்காருங்க கிளெனிஸ். நீங்க பண்ணினது சாதாரண விஷயம் இல்ல. பதினோரு பேரு! எனக்கே நம்பிக்கை இல்ல."

"உறிஞ்சி எப்ப வருதுன்னு கேட்டேன்."

"அது இப்ப அவ்வளவு அவசரமில்லையே. பாருங்க, பச்சை ஆயிடுச்சு. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"மாஸ்க் முடிஞ்சதும் உறிஞ்சின்னு சொன்னே. எழுதி வச்சிருக்கேன்."

"அப்ப மாஸ்க் பொருந்தும்னு யாரு கண்டா? இப்பதான் பொருந்திடுச்சே. தூசு நெஞ்சுக்குள்ள போகாது. அப்புறம் எதுக்கு அறுபதாயிரம் டாலர்?"

அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒன்பது வாரம் மல்லுக்கட்டி அவள் ஜெயித்ததே அவளுடைய கழுத்துக்கு வந்து நின்றது. எனக்கு மேசையைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டும்போல இருந்தது.

"நோட்டீஸ் எழுதுவேன்" என்றாள்.

"எழுதுங்க, உங்க உரிமை. நான் மறுப்பேன், இன்ஸ்பெக்டர் வருவார். இந்தக் காய நோட்டைத்தான் முதல்ல கேப்பார்." ஸ்டூவர்ட் அலமாரியிலிருந்து அந்த நோட்டை எடுத்து மேசையில் வைத்தான். அது கிளெனிஸ் எழுதி வைத்த நோட்டு. "சிராய் இருக்கு. நகம் பேர்ந்தது இருக்கு. மரத்தூசால உடம்பு சரியில்லன்னு ரெண்டு வருஷத்துல ஒரு வரி இல்ல. இருந்தா காட்டுங்க, இன்னிக்கே ஆர்டர் போடறேன்."

அவன் நக்கலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பித்தான் சொன்னான்.

கிளெனிஸ் அவன் மேசையிலிருந்தே ஒரு பேனாவை எடுத்து, நோட்டை விரித்து, நின்றபடியே எழுதினாள். பெயர், கிளெனிஸ் வெஸ்கோம். இடம், பெல்ட் மிஷின். மூச்சிரைப்பு. எப்போதிலிருந்து என்கிற இடத்தில், பதினான்கு மாதம். சாட்சி என்கிற இடத்துக்கு வந்ததும் பேனாவை என்னிடம் நீட்டினாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஸ்டூவர்ட் எட்டிப் படித்தான். அவன் வாய் திறந்தபடியே இருந்தது. "நீங்களா? ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா எனக்கு ஒரு கேக் வெட்டி அனுப்பிட்டு, அந்த மிஷின்ல வேற ஒருத்தியை நிறுத்தியிருப்பே."

கிளெனிஸ் தன் பையிலிருந்து நோட்டீஸ் புத்தகத்தை எடுத்து, முதல் தாளை நிரப்பி, கிழித்து, அந்தப் பச்சைத் தாளின் மேலேயே ஒட்டிவிட்டு வெளியே வந்தாள். அதுதான் அவள் பட்டறைக்குள் இருந்த கடைசி நாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார், பெல்ட் மிஷினைப் பூட்டி முத்திரை வைத்தார், உறிஞ்சிக்கு ஆர்டர் போனது. எல்லாம் முறைப்படி நடந்தது. கிளெனிஸை நெஞ்சு டாக்டர் பார்த்தார். ஆரம்பத்திலேயே தூசை விட்டு விலகியிருந்தால் முழுசாகத் தேறியிருக்க வாய்ப்பு உண்டு, இப்போது இதோடுதான் வாழ வேண்டும் என்றார். அவள் இப்போது ஒரு செடிக்கடையில் கல்லாவில் உட்காருகிறாள். உர மூட்டையைத் தூக்கச் சொன்னால் ஆள் கூப்பிடுகிறாள்.

ஒருநாள் அங்கே போய், அந்த ஒன்பது வாரமும் என்னால்தான் என்றேன்.

"உன் பங்கு இருக்கு, இல்லேங்கல" என்றாள் பணத்தை எண்ணிக்கொண்டே. "ஆனா நான்தான் முட்டாள். முகமூடி கடைசின்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, அந்த முகமூடிக்காகவே உங்களோட கட்டிப் புரண்டுட்டு இருந்தேன். உங்க எல்லாரையும்விட எனக்குத்தான் அது நல்லாப் பொருந்துச்சு. என்ன பிரயோஜனம்? சாப்பிடறப்ப கழட்டித்தானே ஆகணும்? தலைமுடியில தூசு, சட்டையில தூசு, உங்க காற்றுக் குழாய் வேற. செடி ஏதாவது வாங்கறியா, இல்ல பின்னாடி நிக்கறவங்களுக்கு வழி விடறியா?"

ஒரு ரோஸ்மேரி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் கடைசியில் புது உறிஞ்சி வந்து இறங்கியது. அதை முதலில் ஓட்டுகிற நாளை ஸ்டூவர்ட் ஒரு விசேஷமாகவே வைத்தான். கேக், தேநீர், சுவரில் வண்ணத்தாள். பொத்தானைக் கிளெனிஸ்தான் அமுக்க வேண்டும் என்று அவளுக்கு அவனே ஃபோன் செய்து கூப்பிட்டான். அதில் பொய் இல்லை, மனதார நன்றி சொல்லத்தான் ஆசைப்பட்டான். அவளும் வந்தாள். கார் நிறுத்துகிற இடத்தில், காரின் கதவைத் திறந்து பிடித்தபடி, பட்டறை வாசலிலிருந்து முப்பது அடி தள்ளி நின்றுகொண்டாள்.

ஸ்டூவர்ட் சிரித்த முகமாக அவளை நோக்கி ஓடினான். நான் பின்னாலேயே போனேன்.

"உள்ள வாங்க கிளெனிஸ், எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்திருக்காங்க."

"உள்ள வரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீங்க ஓட்டுங்க, நான் இங்கிருந்தே சத்தத்தைக் கேட்டுக்கறேன்."

"ரெண்டு நிமிஷம் தானே. ஒரு ஃபோட்டோ." அவனுக்குச் சட்டென்று வழி கிடைத்த மாதிரி முகம் மலர்ந்தது. "இருங்க, உங்க மாஸ்க் இன்னும் அலமாரியிலதான் இருக்கு. எடுத்துட்டு வரச் சொல்றேன். அது உங்களுக்குத்தான் அளவெடுத்த மாதிரி பொருந்துமே!"

கிளெனிஸ் அவனையே பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை.

"நோயல், இவனுக்கு நீ சொல்லு. என்னால முடியல."

காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். ஸ்டூவர்ட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?" என்று என்னைக் கேட்டான். நான் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் வெய்ன் உள்ளே பொத்தானை அமுக்கிவிட்டான். உறிஞ்சி உறுமத் தொடங்கியது. ஸ்டூவர்ட் காதைச் சுட்டிக்காட்டி, கேட்கவில்லை என்று தலையை ஆட்டிவிட்டு, கேக் வெட்ட உள்ளே போனான்.